பயாஸ் அப்டேட்: மருந்தா, டானிக்கா?

வீட்டில் ஒருத்தர் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தால் போதும், ஊரில் இருக்கும் அத்தனை பொட்டிக்கும் அவர்தான் வைத்தியர். எங்கள் சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து, தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும் போன்களில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி: "பயாஸ் அப்டேட் பண்ணா ஸ்பீடு கூடுமாமே, பண்ணிடட்டுமா?"

என் கருத்து: ஸ்பீடுக்காக மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம். பயாஸ் அப்டேட் மருந்து, டானிக் இல்லை.

பயாஸ் என்பது மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன சிப்பில் எழுதப்பட்ட புரோகிராம். சுவிட்ச் போட்டதும் முதலில் எழுந்திருப்பது அதுதான், விண்டோஸ் எல்லாம் அப்புறம். அது அழிந்தால் என்ன ஆகும் என்று 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஹெச் வைரஸ் உலகத்துக்கே காட்டியது. பயாஸை அழித்த பொட்டிகள் மறுபடி எழுந்திருக்கவே இல்லை.

மருந்தாக வேலை செய்த கதைகளும் உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கெட்டுப்போயின. 2024 ஆகஸ்டில் அதைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகோட் பயாஸ் வழியாகத்தான் வந்தது. ஆனால் ஏற்கனவே கெட்டதை அது சரி செய்யாது. ஏஎம்டி ரைசன் பொட்டிகள் சிலவற்றில் நடுநடுவே வந்த திக்கலுக்கும் 2022ல் பயாஸில்தான் தீர்வு வந்தது. உங்கள் பொட்டியில் இந்த மாதிரி நோய் இருந்தால் தயங்காமல் போடுங்கள்.

எதிர்க்கதையும் கேளுங்கள். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் ஓட்டையை அடைக்க வந்த அப்டேட், சில பொட்டிகளை அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆக வைத்தது. அதைப் போடுவதை நிறுத்துங்கள் என்று இன்டெல்லே சொன்னது. பழைய பிராசசர்களில் வேகமும் குறைந்தது. பாதுகாப்புக்காக அது தேவைதான், வேகத்துக்காக அல்ல.

நம்மைப் போல தூரத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் விண்டோஸ் ஓடும் வரைதான். பொட்டி ரீஸ்டார்ட் ஆகி பயாஸ் எழுத ஆரம்பித்ததும் நமக்குக் கண் கட்டிவிடும். அந்த நேரம் கோடைக் காற்றுக்கு கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் கை விட்டால்? சிப்பில் மறுபடி எழுத ஆளைத் தேடி அப்பா போர்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அதுவரை பேரப்பிள்ளைகளைப் பெரிய திரையில் பார்ப்பதும் கிடையாது.

லேப்டாப் என்றால் பிட்லாக்கர் வேறு. அப்டேட் முடிந்ததும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது யார் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று முன்னாடியே பார்த்து வையுங்கள். பல வீடுகளில் அது மகன் கணக்கில் இருக்கும், அவருக்கோ அங்கே நடுராத்திரி :-)

சரி, வேகத்துக்கு என்ன செய்வது? இன்னும் ஹார்ட் டிஸ்கிலேயே விண்டோஸ் ஓடினால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம், பயாஸில் எக்ஸ்எம்பி போடாததால் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கலாம். அதற்கு அப்டேட் வேண்டாம், செட்டிங்கை மாற்றினால் போதும்.

போட்டே ஆக வேண்டும் என்றால்: போர்டின் மாடல், ரிவிஷன் எண்ணைச் சரி பாருங்கள், கம்பெனி தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், நல்ல யூபிஎஸ் வையுங்கள், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருத்தர் இருக்கட்டும். முடிந்தால் அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது நீங்களே செய்யுங்கள்.

ஓடுகிற பொட்டியை ஓட விடுவதும் ஒரு வைத்தியம்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?