வாடகைக்கு இருப்பவரின் ஊர்

ஒண்டுக்குடித்தனம் என்றதும் நம் நினைவில் எழுபவை திருவல்லிக்கேணிச் சந்துகள்தாம். வாடகை வீட்டின் துயரை நம் கதைகள் பெருநகரத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டன. செஞ்சிக்கு அருகே மேல்மலையனூரில் குறைந்த வாடகைக்கு ஓர் அறை தேடிப் பார்த்தால் இந்த எண்ணம் கலைந்துவிடும்.

அமாவாசை நள்ளிரவில் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவம் காணப் பெருங்கூட்டம் திரளும் ஊர் அது. ஓரிரவுத் தங்கலுக்கு ஆள் வரும் தெருவில், மாத வாடகைக்கு ஏன் விட வேண்டும் என்று வீட்டுக்காரர் கணக்குப் பார்த்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அக்கூட்டத்துக்குப் பூவும் எலுமிச்சம்பழமும் விற்பவருக்கும் தலைசாய்க்க ஓரிடம் வேண்டுமே!

2024இல் தமிழக அரசு தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ கிராமப்புறத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. நல்ல திட்டம்தான், ஆனால் கட்டுவதற்கு மனை வேண்டும். மத்திய அரசு 2020இல் அறிவித்த மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் நகரங்களுக்கானது. அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி உண்டு. பூக்கட்டிப் பிழைப்பவருக்கு அது கிடையாது. மனையில்லாதவர், நகரத்தில் வாழாதவர், சம்பளப் பட்டியலில் இடம்பெறாதவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்கும்போது அவருக்கென்று எதுவுமே இல்லை.

சொந்த வீடு என்ற கனவை நாம் குறைசொல்லவில்லை. அது கைகூடும்வரை அவர் எங்கே இருப்பது என்றுதான் கேட்கிறோம். ஊராட்சியே சில அறைகளைக் கட்டிக் குறைந்த வாடகைக்கு விடலாம். அட்வான்ஸ் தொகையை வட்டியில்லாக் கடனாகவேனும் தரலாம். வாடகைக்கு இருப்பவரும் அவ்வூர்க்காரர்தானே?