மணலுக்குள் இருக்கும் மீனையும் கணக்கில் எடுங்கள்



கரைவலையில் அகப்பட்ட "கடல் பாம்பை" நாலு பேர் தடியால் அடிக்கும் வீடியோ ஒன்று போன கிழமை எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. தரம் 9 பிள்ளை ஒருவர் அதைப் பற்றி, "டீச்சர், அது பாம்பா, மீனா? சாப்பிட ஏலுமா?" என்று கேட்டார். கடுகண்ணாவைப் பிள்ளைக்குக் கடல் என்றால் சந்தையில் காணும் சூரையும் சாளையும்தான். கேட்டதில் பிழையில்லை.

அது மீன். பாம்பு விலாங்கு. வாலைப் பார்த்தாலே தெரியும். கடல் பாம்பின் வால் துடுப்பு மாதிரித் தட்டை. உடம்பில் செதில் உண்டு. மூச்செடுக்க மேலே வந்தே ஆக வேண்டும். பாம்பு விலாங்குக்குச் செதில் இல்லை, செவுளால் சுவாசிக்கும். பெரும்பாலான இனங்களுக்கு வால் நுனி கூராக, கடினமாக இருக்கும். அதுதான் அதன் மண்வெட்டி. வாலை மணலில் குத்தி, பின்பக்கமாகவே உள்ளே போய்விடும். தலை மட்டும் வெளியே தெரியும். பல இனங்கள் இரவில் வெளியே வந்து நண்டையும் இறாலையும் மணம் பிடித்தே தேடுகின்றன. சில இனங்கள் கடல் பாம்பின் கறுப்புப் பட்டிகளை அப்படியே அணிந்து எதிரியை ஏமாற்றும். பாவம், மனிதனிடம் அந்த வேஷமே அதன் உயிரை எடுக்கிறது. (ஹலாலா என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். ஷாஃபி மத்ஹபில் கடல் மீன் விஷயத்தில் தாராளம்தான்.)

ஆனால் தடியால் சாவது ஒன்றிரண்டு. கூட்டமாகச் சாவது இழுவைமடியில்.

பாக்கு நீரிணைப் பகுதியில் கடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. அங்கே பாரமான பலகைகள் கட்டிய மடியை அடிநிலத்தோடு இழுத்தால் மேல்மணல் முழுக்க உழுபட்டுப் போகிறது. வயலை உழுதால் பயிர் வரும். கடலடியை உழுதால் கடற்புல், புழு, நண்டுக்குஞ்சு, வளை எல்லாம் ஒன்றாகப் போகும். வளை தோண்டும் பிராணிகளால்தான் மணலுக்குள் ஒட்சிசன் உள்ள நீர் இறங்குகிறது. விலை போகாத மீன் என்பதால் மடியில் வரும் பாம்பு விலாங்கை யாரும் எண்ணுவதில்லை. கழிவு மீனோடு சேர்த்து வீசிவிடுவார்கள், இல்லாவிட்டால் அரைத்துத் தீனாக்குவார்கள்.

2017இல் நமது பாராளுமன்றம் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. நல்ல சட்டம். ஆனால் அதைப் பேசும்போதெல்லாம் நாங்கள் இந்தியப் படகு, எல்லை, கடற்படை, கைது என்பதோடு நின்றுவிடுகிறோம். எல்லைக்கோடு 1974இலும் 1976இலும் கடதாசியில் போடப்பட்டது. மணலுக்குள் கிடக்கும் மீனுக்கு அது தெரியாது. இராமேஸ்வரத்துப் படகு இழுத்தாலும், வடக்கில் நம்மவர் படகு இழுத்தாலும் அடிநிலத்துக்கு ஒரே நாசம்தான். நம்மவர் இழுப்பதை "பிழைப்பு" என்று மூடி மறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1990இல் விரட்டப்பட்டு, பல வருடம் கழித்துத் திரும்பி வந்த மன்னார் முஸ்லிம் மீனவரும், அவருக்குப் பக்கத்தில் வலை போடும் தமிழ் மீனவரும் நம்பியிருப்பது இந்த மணலைத்தான். அவர்களின் இறாலும் நண்டும் வளர்வது அங்கேதான். ஒரு இரவில் பெரிய படகு வந்து இழுத்துவிட்டுப் போனால், போட்ட வலையும் அறுந்து, அடுத்த வருடத்து மீனும் போகிறது.

சட்டம் கையில் இருக்கிறது. கடலில் துரத்திப் பிடிப்பதை மட்டும் நம்பியிருக்காமல், நமது இறங்குதுறைகளிலேயே மடியையும் பலகையையும் பறிமுதல் செய்யட்டும். யாருடைய படகு, எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்காமல்.