கொழுப்பை இடம் மாற்றலாம்... வீட்டுக்குத் தெரியாமல் வேண்டாம்!

'வயித்துல தொங்குற கொழுப்பை எடுத்து, ஒட்டிப்போன கன்னத்துல வெச்சா எப்படி இருக்கும்?' கண்ணாடி முன் நிற்கும்போது இப்படி ஓர் ஆசை உங்களுக்கு வந்திருக்கிறதா? அதில் தப்பே இல்லை. நடக்கக்கூடிய காரியம்தான். 1893-லேயே ஜெர்மனி டாக்டர் குஸ்தாவ் நாய்பர், கையிலிருந்து எடுத்த கொழுப்பை வைத்து முகத்துத் தழும்புப் பள்ளத்தை நிரப்பினார். இன்று தீக்காயத் தழும்புக்கும், புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு மார்பகத்தைச் சீரமைக்கவும்கூட இது கைகொடுக்கிறது.

ஆனால் 'சும்மா ஊசிதாங்க... சாயந்திரமே வீட்டுக்குப் போயிடலாம்' என்று யாராவது சொன்னால், அப்படியே நம்பிவிடாதீர்கள். இது பியூட்டி பார்லர் சமாசாரம் அல்ல, ஆபரேஷன்! வயிறு அல்லது தொடையில் சிறு துளை போட்டு, குழாய் வழியாகக் கொழுப்பை உறிஞ்சி, சுத்தம் செய்து, வேண்டிய இடத்தில் ஊசியால் செலுத்துகிறார்கள். வைத்த கொழுப்பு முழுவதும் நிற்காது. ரத்த ஓட்டம் கிடைத்த பகுதி பிழைக்கும். மீதியை உடம்பே கரைத்துவிடும். பாதிகூடப் போய்விடலாம். எவ்வளவு நின்றது என்று தெரிய மூன்று மாதமாவது ஆகும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு செய்துகொண்டால், வீங்கிய முகத்தோடுதான் மேடை ஏற வேண்டும்!

ஆபத்தும் உண்டு. பின்பக்கத்தை எடுப்பாக்கக் கொழுப்பு ஏற்றும்போது, அது பெரிய ரத்தக் குழாய்க்குள் நுழைந்து நுரையீரலை அடைத்துவிடலாம். சுமார் 3,000 பேருக்கு ஒருவர் இறந்திருக்கலாம் என்று 2017-ல் பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் நடத்திய ஆய்வு கணக்கிட்டது. முகத்தில் ஏற்றும்போது, அபூர்வமாகக் கண்ணுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டுப் பார்வையே போனதும் உண்டு.

கொழுப்பை எடுக்கும் முதல் கட்டத்தையும் லேசாக நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் பெங்களூருவில், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன கன்னட டி.வி. நடிகை சேத்தனா ராஜ் இறந்துபோனார். வயது 21. இந்த சிகிச்சை பற்றி மகள் தங்களிடம் சொல்லவே இல்லை என்றார்கள் பெற்றோர்.

இந்த ரகசியம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. நீங்கள் திருக்கோவிலூரில் இருக்கிறீர்கள், சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டு பஸ் ஏறி வந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மறுநாள் நள்ளிரவில் மூச்சு வாங்குகிறது. வீட்டில் 108-க்குப் போன் செய்து பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள். 'என்ன ஆபரேஷன் நடந்தது?' என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வியாக இருக்கும். அம்மாவுக்கும் கணவருக்கும் விஷயமே தெரியாது என்றால் யார் பதில் சொல்வது? ஒவ்வொரு நிமிஷமும் உயிர் விஷயம் ஆயிற்றே!

ஆகவே, போகுமுன் கூச்சப்படாமல் கேளுங்கள்:

* செய்யப்போகிறவர் எம்.சிஎச். மாதிரி முறையான பிளாஸ்டிக் சர்ஜரி பட்டம் பெற்றவரா? மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன?
* அந்த இடம், 1997-ம் வருட மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவானதா? மயக்க மருந்து டாக்டர், அவசர சிகிச்சை வசதி உண்டா?
* ராத்திரியில் பிரச்னை என்றால் யாருக்குப் போன் செய்வது?

நீங்களும் மறைக்காதீர்கள். சர்க்கரை நோய், ஆஸ்பிரின் மாத்திரை, சிகரெட் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்கி, வீட்டில் ஒருவர் கையில் கொடுங்கள். முதல் சில நாள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகிற தூரத்தில் தங்குங்கள். மார்பகத்தில் செய்துகொண்டவர்கள், பின்னால் மேமோகிராம் எடுக்கும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெறும் அழகுக்காக என்றால் இன்ஷூரன்ஸ் பணம் பொதுவாகக் கிடைக்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா?' என்று சிரித்தால், ஆசை போய்விடாது, மறைந்துதான் போகும். வேண்டாம் என்று தோன்றினால் காரணத்தோடு சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் தீர்மானமாக இருந்தால், கூடவே துணைக்குப் போங்கள். அழகு அவரவர் விருப்பம். உயிர், வீட்டில் எல்லோருக்கும் சொந்தம்!