ஆறாத புண்ணை அலட்சியம் செய்யலாமா?

கொங்கு நாட்டில் விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டு வரும். அதுதான் மரியாதை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. கன்னத்தில் அடக்கிக் கொண்டால் களைப்பு தெரியாது என்பார்கள். தோட்டத்திலும் தறிக் குழியிலும் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் இது.

கன்னத்தில் புண் வந்தால், "சூட்டுப் புண்ணுதானுங்க, தானா ஆறிப்போயிருமுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்தச் சொல்தான் ஆபத்து!

வேலியே பயிரை மேய்ந்தால்?

உடம்புக்குக் காவல்காரர்கள் உண்டு. இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களே அவர்கள். காயம் பட்டதும் அங்கே ஓடி வருவார்கள். அந்த இடம் சிவக்கும்; வீங்கும்; வலிக்கும். இதற்கு அழற்சி என்று பெயர். காவல்காரர்கள் கடுமையான நஞ்சைக் கக்கிக் கிருமிகளைக் கொல்வார்கள். புதிய தசை வளரத் தூண்டுவார்கள். வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடுவார்கள். புண் ஆறிவிடும்.

தினமும் அதே இடத்தில் புகையிலையை அடக்கினால், புண் ஆற நேரம் ஏது? காவல்காரர்கள் ஓய்வதே இல்லை. அவர்கள் கக்கும் நஞ்சு நல்ல அணுக்களையும் கெடுக்கிறது. புகையிலை நஞ்சும் சேர்ந்து கொள்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! அணுக்கள் அவசரமாகப் பெருகும்போது பிழைகள் நேருகின்றன. அப்படிப் பிழைபட்டு, அடங்காமல் பெருகும் அணுவே புற்றுநோயின் விதை.

புற்றுக்கட்டிகளில் வெள்ளை அணுக்கள் இருப்பதை ஜெர்மனி நாட்டு டாக்டர் விர்ச்சோ 1863-ம் ஆண்டிலேயே கவனித்தார்.

கெட்ட அணுக்களைக் காவல்காரர்கள் பிடித்து அழிப்பதும் உண்டு. ஆனால் சில கள்ள அணுக்கள் காவல்காரர்களின் கையையே கட்டிப் போட்டுவிடும். அந்தக் கட்டை அவிழ்க்க வழி கண்ட அமெரிக்காவின் ஆலிசனும் ஜப்பானின் ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வழியில் மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் விலை அதிகம். எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. வருமுன் காப்பதே மேல்.

பாக்கும் குற்றவாளியே!

"புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதுவும் தவறு. பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பாக்கு போடுகிறவர்களில் சிலருக்கு வாய் திறக்க முடியாமல் இறுகிப் போவதும் உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறக்கச் சிரமம் — இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. ஆரம்பத்தில் வலி இல்லாமலும் இருக்கும். அப்போதே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. இன்று கோவையிலேயே சிகிச்சை கிடைக்கிறது. தாமதத்துக்கு இனி என்ன காரணம்?

சடங்குக்குத் தட்டில் பாக்கு இருக்கட்டும், வாயில் வேண்டாம். புகையிலைக்கோ தட்டிலும் இடம் கூடாது. கன்னம், பேரக் குழந்தை முத்தம் கொடுக்கும் இடம். புகையிலை அடக்கும் இடம் அல்ல!