அயர்லாந்தின் வெறுங்கரை

அயர்லாந்தின் மேற்குக் கரையோரமாக, தெற்கே கார்க் மாவட்டத்துக் கின்சேல் என்னும் துறைமுகப் பட்டணத்திலிருந்து வடக்கே டோனகல் மாவட்டம் வரையில், சுமார் 2,500 கிலோமீட்டர் தூரத்துக்கு வளைந்து வளைந்து செல்லும் சாலைக்கு 2014-ல் அந்நாட்டுச் சுற்றுலாத் துறையினர் 'வைல்டு அட்லாண்டிக் வே' என்று பெயர் சூட்டியது முதற்கொண்டு, பத்துப் பேர் கூடி ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு அதன் வழியே பிரயாணம் செய்வது உல்லாசப் பயணிகளிடையே ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல. இங்கிலாந்துக்குச் செல்லும் இந்தியர்கள், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதே விசாவைக் கொண்டு அயர்லாந்துக்கும் சென்று வரலாம் என்ற ஏற்பாடு இருப்பதால், லண்டனைக் கண்ட கையோடு டப்ளினுக்கும் ஒரு நடை போய்வருவோர் பலர். போவது நல்லதே. போகும் விதந்தான் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

டப்ளினில் அதிகாலையில் பேருந்து ஏறி, தீவின் அகலம் முழுவதையும் கடந்து 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கடலுக்கு மேல் 214 மீட்டர் உயரம் நிமிர்ந்து நிற்கும் மோஹர் செங்குத்துப் பாறைகளை முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, இரவுக்குள் டப்ளினுக்கே திரும்பிவிடுவது ஒரு வகை. ஒரு வாரத்தில் தீவு முழுவதையும் வலம் வந்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு புறப்படுவது மற்றொரு வகை. கெர்ரி வளையம் எனப்படும் சுமார் 180 கிலோமீட்டர்ச் சாலையில் இரண்டு பெரிய பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமிராது என்பதால், அவை யாவும் இடஞ்சுழியாகவே செல்வது வழக்கம். ஆகவே காலையில் கிளம்பிய பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய், ஒரே இடங்களில் நின்று, ஒரே இடங்களில் உண்டு, மாலையில் புறப்பட்ட ஊருக்கே வந்து சேர்கின்றன.

இப்படிப் போய்வந்தவர்கள், "என்ன அமைதி! கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வீடுகூட இல்லை" என்று வியந்து பேசுவார்கள். அந்த வெறுமையை இயற்கையின் கொடை என்று அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பதுதான் என் மனக்குறை. 1841-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி 80 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த தீவு அது. இன்று குடியரசையும் வட அயர்லாந்தையும் சேர்த்துக் கூட்டினாலும் 70 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. விளைந்த தானியமெல்லாம் குத்தகைக்கும் ஏற்றுமதிக்கும் போய்விட, உருளைக்கிழங்கு ஒன்றையே உண்டு உயிர்வாழ்ந்த ஏழைக் குடியானவர்களின் அந்தப் பயிரில் 1845-ல் அழுகல் நோய் விழுந்து, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைவைக் கெடுத்தது. சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள், மேலும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதிலும் மேற்குக் கரை மாவட்டங்களே அதிகமாகச் சூறையாடப்பட்டன. மலைச்சரிவுகளில் புல் மூடிய வரப்புகள் கோடு கோடாகத் தெரிகின்றனவே, அவை அந்தக் காலத்துக் கிழங்குப் பாத்திகள். அக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடியில் கூரையிழந்த கல்வீடுகள் எண்பதுக்குக் குறையாமல் வரிசையாக நிற்கின்றன. சமீபத்தில் அத்தீவில் ஒரு திரைப்படம் பிடித்தார்களென்று, அது எடுக்கப்பட்ட கடற்கரையைத் தேடிக்கொண்டு போகும் கூட்டம் இந்த வீடுகளைத் திரும்பிப் பார்க்கிறதா என்பது சந்தேகமே.

மேயோ மாவட்டத்தில் லூயிஸ்பர்க் என்ற சிற்றூரிலிருந்து தெற்கே, இரு மலைகளுக்கு நடுவே டூலாக் ஏரியை ஒட்டி ஒரு சாலை போகிறது. அழகில் அதற்கு ஈடு சொல்லத்தக்க சாலை அயர்லாந்தில் அதிகமில்லை. 1849-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நிவாரணம் பெறத் தகுதியுடையவர்கள்தாமா என்று தங்களைச் சோதிக்க வந்த அதிகாரிகள் லூயிஸ்பர்க்கை விட்டு ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள டெல்ஃபி மாளிகைக்குச் சென்றுவிட்டதால், பட்டினியால் வற்றிய நூற்றுக்கணக்கான ஜனங்கள் குளிரில் அவ்வழியே நடந்துபோய், வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டு, வழியிலே விழுந்து மாண்டார்கள். மாண்டவர் எத்தனை பேர் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு, நடந்ததில் இல்லை. அங்கே நாட்டியிருக்கும் கல் சிலுவையில் மகாத்மா காந்தியின் வாசகம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. வேன் அங்கே இரண்டு நிமிஷங்கூட நிற்பதில்லை என்றால் அதைப் பிரயாணம் என்று நான் ஒப்பமாட்டேன்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சம்பந்தமும் உண்டு. லண்டனில் கஜானா இலாகாவின் தலைமை அதிகாரியாக இருந்து, அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தின் கடிவாளத்தைக் கையில் பிடித்திருந்தவரும், சர்க்கார் அதிகமாக உதவினால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று நம்பியவருமான சர் சார்லஸ் டிரெவிலியன், பத்தாண்டு கழித்து, 1859-ல், சென்னை மாகாண கவர்னராக வந்து சேர்ந்தார். புதிய வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக மறு வருஷமே அவர் திருப்பி அழைக்கப்பட்டார். ஆகையால் இங்கே அவர் பெயர் அவ்வளவாகக் கெடவில்லை. அயர்லாந்திலோ, விளையாட்டு மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடும் பாட்டு ஒன்றில் இன்றளவும் அவர் பெயர் அடிபடுகிறது.

விடுமுறையில் போகிறவனுக்கு எதற்கு இந்த சோக புராணம் என்று சிலர் கேட்கக்கூடும். அயர்லாந்துக்காரர்கள் இதை நினைத்து ஓயாது அழுதுகொண்டிருப்பவர்கள் அல்லர். அதே சிற்றூர்களின் மதுக்கடைகளில் அந்தியானதும் பிடிலும் புல்லாங்குழலும் எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தார் கூடிவிடுவார்கள், குடிக்காதவர் தேநீரோடு ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் ஐம்பது பேர் கொண்ட பேருந்துக் கூட்டத்துக்கு அந்த மூலை போதாது. குழு சிறுத்தால்தான் ஊர் கதவைத் திறக்கிறது. ஓட்டுநரோடு ஒன்பது பேர் அமரும் வேனைச் சாதாரணக் கார் உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம். நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் செல்லும் வழக்கம். நடுவே புல் முளைத்த குறுகிய கிராமச் சாலைகளில் எதிரே வருபவர் ஒதுங்கி நின்று, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வந்தனம் சொல்வார். பதிலுக்கு நீங்களும் விரலை உயர்த்தவேண்டும். இத்தகைய சாலைகளின் வேக வரம்பை 2025-ல் மணிக்கு 60 கிலோமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அதுவே அதிகம்.

ஆகவே, இந்தக் கோடைக்காகக் குழு சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தீவை வலம் வரும் எண்ணத்தை விடுங்கள். டப்ளினில் ஒரு வேனை எடுத்துக்கொண்டு நேரே மேயோவின் வெஸ்ட்போர்ட்டுக்குப் போய், நான்கைந்து இரவுகள் அங்கேயே தங்கி, ஒரு நாள் அக்கிலுக்கும், ஒரு நாள் லூயிஸ்பர்க் வழியாக டூலாக்குக்கும் போய்வாருங்கள்; அந்த ஏரிக்கரையில் கொஞ்ச தூரமேனும் இறங்கி நடங்கள். மோஹர் பாறைகளை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.