கணினியை அணைத்துவிட்டுத் தூங்கலாம்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சில இயந்திரங்களை அணைக்கவே முடியாது. செயின்ட்-கோபைன் நிறுவனம் இங்கே 2000ஆம் ஆண்டில் கண்ணாடி ஆலையைத் தொடங்கியது. தட்டைக் கண்ணாடி வார்க்கிற உலை 1,500 டிகிரி அளவில் கொதிக்கும். ஒருமுறை மூட்டிவிட்டால் பத்துப் பதினைந்து வருடம் இரவு பகலாக எரிய வேண்டியதுதான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட ஓய்வில்லை. ஆறவிட்டால் உள்ளேயிருக்கும் கண்ணாடி இறுகி, உலையின் செங்கல்லே பிளந்துவிடும். ஒரகடத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை மற்ற ஆலைகளில் இப்படிப்பட்ட உலை இல்லையென்றாலும் வேதம் ஒன்றுதான்: லைன் நிற்கக் கூடாது.

அந்த வேதத்தை எட்டு மணி நேரம் கேட்டுவிட்டுத் தண்டலத்து வாடகை வீட்டுக்குத் திரும்புகிறவர், பிள்ளை படிக்க வாங்கிப்போட்ட சிஸ்டத்தையும் அப்படியே ஓடவிடுகிறார். மானிட்டர் மட்டும் அணைந்திருக்கும். சிபியு மேசைக்கடியில் முனகிக்கொண்டிருக்கும். ஏன் என்று கேட்டால், "அடிக்கடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாத்தான் சீக்கிரம் போயிடும்" என்று பதில் வரும். தண்டலத்தைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் படித்தவர், படிக்காதவர் வேறுபாடு தெரிவதில்லை.

இந்தப் பேச்சு பொய்யல்ல. ஒரு காலத்தில் சரியாக இருந்து, அந்தக் காலம் போன பிறகும் போகாமல் தங்கிவிட்டது. 1946ல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்குள் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அவை பெரும்பாலும் உயிரை விட்டது சூடேறும்போதும் ஆறும்போதும்தான். அதனால் அதை முடிந்தவரை அணைக்காமலே வைத்தார்கள். 150 கிலோவாட் மின்சாரம் தின்றாலும் குழல் மாற்றுகிற தொல்லைக்கு அது தேவலை. 1955 அக்டோபர் 2ஆம் தேதி இரவு 11.45க்கு அதைக் கடைசியாக அணைத்தபோது அந்தத் தலைமுறையே முடிந்திருந்தது. அடுத்து வந்த பெரிய கணினிகளை வேறு காரணத்துக்காக ஓடவிட்டார்கள். சென்னை ஐஐடிக்கு 1973ல் வந்த ஐபிஎம் 370/155 போன்ற ஒன்றைச் சும்மா நிறுத்திவைக்க யாருக்கு மனம் வரும்? ஒரு கட்டடத்துக்கே ஒரு கணினி. அதில் ஒரு மணி நேரம் கிடைக்க வரிசையில் நிற்க வேண்டும்.

வீட்டுக் கணினி வந்ததும் கணக்கு மாறியது, பயம் மாறவில்லை. ராஜீவ் காந்தி அரசு 1984 நவம்பரில் அறிவித்த கணினிக் கொள்கை இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. ஆரம்பகால ஹார்டு டிஸ்குகளில் அணைப்பதற்கு முன் 'பார்க்' என்று ஒரு கட்டளை அடித்து, படிக்கும் முனையை ஓரத்தில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது, மறந்தால் தகடு கீறிக்கொள்ள வாய்ப்புண்டு. கம்ப்யூட்டர் சென்டர்களில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போன தலைமுறைக்கு இந்த பக்தி புரியும். விண்டோஸ் 95ல் 'இப்போது கணினியை அணைக்கலாம்' என்று ஆரஞ்சு எழுத்தில் அனுமதி வரும்வரை கைகட்டிக் காத்திருந்தோம்.

பிற்கால டெஸ்க்டாப் ஹார்டு டிஸ்குகள் 50,000 முறை நின்று ஓடத் தாங்கும் என்று கணக்கிட்டே செய்யப்பட்டன. தினம் இரண்டு முறை அணைத்துப் போட்டாலும் பத்து வருடத்தில் 7,300 முறைதான் ஆகும். இப்போதைய எஸ்எஸ்டியில் சுழலும் தகடே கிடையாது. ஆக, 'ஆன் ஆஃப் பண்ணினா போயிடும்' என்கிற வாதம் எப்போதோ செத்துவிட்டது. உண்மையில் நம் ஊரில் கணினியைக் கொல்வது வெப்பம். எஸ்எம்பிஎஸ்ஸிலும் மதர்போர்டிலும் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பழைய விதி. மே மாதத்தில் தகர ஷீட் போட்ட மாடி அறையில், லாரிகள் கிளப்பும் புழுதியை உறிஞ்சிக்கொண்டு இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிற பெட்டி எத்தனை நாள் தாங்கும்? இதோடு இடி மின்னல். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் கம்பி வழியாகவும் இணைய இணைப்பு வழியாகவும் பாயும் வோல்டேஜ், ஓடுகிற கணினி, தூங்குகிற கணினி என்று பார்ப்பதில்லை. பிளக்கையும் இணையக் கம்பியையும் பிடுங்கிய கணினி மட்டுமே தப்பும்.

அணைப்பதா, ஓடவிடுவதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் சில வருடங்கள் மின்வாரியமே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 2008 நவம்பரில் ஆலைகளுக்கு மின் கட்டுப்பாடு வந்தது. அது முழுதாக விலக 2015 ஆயிற்று. 2012ல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால் வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் போனது. திடீரென்று கரண்ட் போவதுதான் கணினியை அணைக்கிற வழிகளிலேயே மோசமானது. பாதி எழுதிய கோப்பு அப்படியே சிதையும். யூபிஎஸ் 'பீப்' அடித்ததும் வேலையைச் சேமித்து ஷட் டவுன் கொடுக்க ஓடிய கைகளுக்கு, தேவையில்லாமல் ஓடவிடுவது என்ற எண்ணமே வந்திருக்காது. அந்த நாட்களின் நடுவில்தான், 2011 செப்டம்பர் 15ல், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மின்சாரமில்லாத மாநிலத்தில் கணினி எதற்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. பேட்டரி இருந்ததால் அது இருட்டிலும் ஓடியது. அடுத்த பத்தாண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை மாணவர் கைக்குப் போயின.

2013 டிசம்பர் 31ல் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகின. வெட்டு குறைந்தது, கூடவே சிக்கனமும் போனது. 2024 மே 2ல் மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மலையில் வீட்டுக் கணினிகளின் பங்கு சொற்பம், ஏசிதான் பெரும்பங்கு. கணினியை அணைத்தால் நாட்டைக் காப்பாற்றலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வீட்டுக் கணக்கு வேறு. சும்மா நிற்கும் டெஸ்க்டாப் 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடுவதற்கு அது ஏறத்தாழச் சமம். யாரும் தொடாத பதினான்கு மணி நேரம், அறுபது நாள்: 50 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவசம் 100 யூனிட். 2016 மே மாதத்திலிருந்து கிடைத்துவரும் அந்தச் சலுகையில் சரிபாதி, யாரும் தொடாத பெட்டிக்குப் போகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலைப்பட்டியலே மாறிவிடும் என்பதால், விளிம்பில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த 50 யூனிட் பெரிய அடி. வாடகை வீடுகளில் கதை இன்னும் கசப்பு. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குத் தன் விலையைப் போடும் வீட்டுக்காரர்கள் ஏராளம். அங்கே இலவச யூனிட் குடியிருப்பவரை எட்டுவதே இல்லை. ஸ்லீப்பில் விட்டால் இதே கணக்கு இரண்டு யூனிட்டுக்குள் அடங்கும். மடிக்கணினி என்றால் ஓடவிட்டாலும் எட்டு, ஒன்பது யூனிட்தான். எனவே மடிக்கணினிக்காரர் பகலில் மூடி வைத்துவிட்டுப் போகலாம், கைபிசைய வேண்டியதில்லை.

ஓடவிடுவதற்கு நியாயமான காரணம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர், வெளியூரிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழைய வேண்டியவர். 1999 மே மாதத்தில் தொடங்கிய செட்டி@ஹோம் திட்டத்துக்காக உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை வேற்றுலக அறிவைத் தேடக் கொடுத்தார்கள். வேலை இருந்து ஓடினால் சரி. அந்தத் திட்டமே 2020 மார்ச்சில் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

அணைப்பதற்கு மின்சாரத்தை விட்டால் இன்னொரு காரணமும் உண்டு, அதை நம்மில் பலர் நினைப்பதில்லை. மென்பொருள் நெடுநேரம் ஓடினால் பிழை சேரும். 1991 பிப்ரவரி 25ல் சவுதியின் தஹ்ரானில் அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு 100 மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரக் கணக்கில் துளித்துளியாகச் சேர்ந்த பிழை மூன்றில் ஒரு பங்கு நொடியாகிவிட்டது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் இறந்தார்கள். மிக நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள் என்று முன்பே எச்சரிக்கை போயிருந்தது. எத்தனை மணி நேரம் நீண்ட நேரம் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. விண்டோஸ் 95க்கும் இப்படி ஒரு வரம்பு இருந்தது: 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துவிடும். அதைக் கண்டுபிடிக்கவே வருடங்கள் ஆயின, ஏனென்றால் அத்தனை நாள் விழாமல் ஓடிய விண்டோஸ் 95 அபூர்வம்.

இங்கேதான் ஒரு சூட்சுமம். 1995ல் வந்த ஏடிஎக்ஸ் வடிவமைப்புக்குப் பிறகு பெட்டியின் முன்பக்கப் பொத்தான் உண்மையில் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. சிறிதளவு ஓடிக்கொண்டே இருக்கும். 2012ல் விண்டோஸ் 8 இன்னும் ஒரு படி போனது. வேகமாகத் தொடங்குவதற்காக, ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்கருவை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எழுப்புகிறது. தினமும் ஒழுங்காக அணைக்கிறவருடைய கணினியில்கூடப் பழைய பிழை அப்படியே தொடரலாம். முழுதாகப் புதிதாய்த் தொடங்க வேண்டுமானால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

2025 மார்ச் பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தரப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் பெட்டிக்குள் தமிழில் அரைப்பக்கத் தாள் ஒன்றை வைத்தால் போதும்: பகலில் ஸ்லீப், இரவில் ஷட் டவுன், வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட், இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு. அச்சுக்கூலி அதிகம் ஆகாது. அவற்றைக் கொள்முதல் செய்யும் எல்காட் நிறுவன அதிகாரிகள் யோசிக்கட்டும்.