மேர்ஜ் கொமிட்டை விழுங்கிவிட்டு மௌனமாக இருப்பது நியாயமா?

எங்கட கிளையில் 12 கொமிட் இருந்தது. ‘கிட் போர்மற்-பட்ச்’ அடிச்சபோது வந்தது 11 கோப்பு. எண்ணிப் பார்க்காதது என்ர பிழைதான். ஆனால் ஒரு எச்சரிக்கை வரிகூடச் சொல்லாமல் ஒன்றை விழுங்கினது ஆரின்ர பிழை?

நானும் ஒரு தோழியும் ஒரு மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தம். நான் என்ர கிளையில் ‘மறைச்சொல்’ என்று இருந்ததையெல்லாம் ‘கடவுச்சொல்’ என்று மாற்றினேன். அதே கிழமை அவள் தன்ர கிளையில் புது வரிகள் சேர்த்தாள். அதில் பழைய சொல்லே இருந்தது. ரெண்டையும் மேர்ஜ் செய்தபோது முரண்பாடு ஒன்றும் காட்டவில்லை. வேறு வேறு வரிகள்தானே, கிட்டுக்கு எப்படித் தெரியும்? கதைச்சு முடிவெடுத்து, அவளின்ர வரிகளைத் திருத்தி, திருத்தத்தை மேர்ஜ் கொமிட்டுக்குள்ளேயே வைத்தம்.

பட்ச் அனுப்பினம். அங்கே 11உம் ஒரு பிழையும் காட்டாமல் ஏறின. பிறகு கேள்வி வந்தது: ஒரே திரையில் ஏன் ரெண்டு சொல்? பழைய சொல் இருந்த பட்ச்சில் அவளின்ர பெயர். பேச்சு வாங்கினதும் அவள்தான். நாங்கள் சேர்ந்து எடுத்த முடிவு இருந்த கொமிட் அங்கே போய்ச் சேரவே இல்லை.

காரணம் விளங்காமல் இல்லை. ஒரு பட்ச் என்பது ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் உள்ள வித்தியாசம். மேர்ஜுக்கோ ரெண்டு பெற்றோர். எதிலிருந்து வித்தியாசம் எடுப்பது? அந்த உறவை ஒரு சாதாரண பட்ச்சுக்குள் அடக்க ஏலாது. 2005 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதியது லினக்ஸ் கேர்னலுக்காக. அங்கே பட்ச்கள் மின்னஞ்சலில் போகும், மேர்ஜோடு சேர்ந்த வரலாறு வேண்டுமென்றால் கிளையையே இழுத்துக்கொள்வார்கள். ஆகவே மேர்ஜை விடுவது சரி. சொல்லாமல் விடுவதுதான் பிழை.

“ஆவணத்தில எழுதியிருக்கே, வாசிக்கேல்லையோ?” என்று கேட்பினம். எழுதியிருக்கு, உண்மை. ஆனால் கட்டளை அடிக்கிற நேரம் திரையில் 11 கோப்பின் பெயர் வருகுது, விட்டது எது என்று மட்டும் வரவில்லை. ‘லொக் -பி’ போட்டுப் பார்த்தாலும் மேர்ஜுக்கு வித்தியாசம் காட்டாது. பார்க்கப் போனவனுக்கும் மறைத்தால் என்ன செய்யிறது?

அடுத்த புத்திமதி: “மேர்ஜே போடாதேங்கோ, ரீபேஸ் பண்ணுங்கோ.” அனுப்ப முதல் சொந்தக் கிளையில் என்றால் நல்ல வழிதான், திருத்தம் சாதாரண கொமிட்டுகளுக்குள் வந்துவிடும், பட்ச்சிலும் போகும். ஆனால் இன்னொருவர் ஏற்கெனவே எடுத்து வேலை செய்கிற கிளையை ரீபேஸ் செய்தால், அவர் நிற்கிற வரலாற்றையே மாற்றுகிறம். எல்லாருக்கும் எந்நேரமும் அதையே மருந்தாகக் கொடுக்கிறவை இதை ஏன் சொல்லுறதில்லை?

கருவி திருந்தும்வரை நாங்கள் செய்யக்கூடியது இருக்கு. மேர்ஜுக்குள் புதுத் திருத்தம் வைக்காதேங்கோ; அடுத்த கொமிட்டாகத் தனியே போடுங்கோ. முரண்பாடு தீர்த்த மேர்ஜ் என்றால் ரீபேஸ் செய்யுங்கோ, இல்லாவிட்டால் ‘பண்டில்’ ஆகக் கட்டி அனுப்புங்கோ; அதில் மேர்ஜும் சேர்ந்தே போகும். அனுப்ப முதல் ‘லொக் --மேர்ஜஸ்’ அடிச்சுப் பாருங்கோ. மேர்ஜில் மனிசர் கைவைத்தது எது என்று பார்க்க, 2022 இல் 2.36 பதிப்போடு வந்த ‘--ரீமேர்ஜ்-டிஃப்’ இருக்கு. எல்லாத்துக்கும் மேலாக, பட்ச்களை ஒரு புதுப் பிரதியில் ஏற்றி உங்கட கிளையோடு ஒப்பிடுங்கோ. வித்தியாசம் ஒன்றுமே வரக்கூடாது.

அண்டைக்கு நான் அதைச் செய்திருந்தால் ரெண்டு நிமிசம் போயிருக்கும். “ஒரு மேர்ஜ் விடப்பட்டது” என்று கிட் சொல்லியிருந்தால் அதுகூடத் தேவைப்பட்டிராது. ஒரு வரிதான் கேட்கிறம். அந்த வரி இல்லாததாலதான் தான் செய்யாத பிழைக்கு அவள் பதில் சொல்ல வேண்டி வந்தது.